மார்செய் துறைமுகமும் குன்றின்மேல் காவல் அன்னையும்

தரை வழியே ஒரு நகருள் நுழைவதற்கும் கடல் வழியே அதனை அடைவதற்கும் வேறுபாடு மிக உண்டு. புகைவண்டியில் செல்வோர் பெரும்பாலும் நகரின் கொல்லைப்புறத்தையே முதலில் காண்பர். கப்பலில் வருவோருக்கோ நகரம் தன் முகத்தைக் காட்டி நிற்கும். பிரான்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி அமைந்துள்ள மார்செய் மாநகர் இதற்கு நல்ல சான்று. உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் காலை வேளையில் நிற்கும் நம் கண்கள், குன்றின் உச்சியில் கதிரொளி பட்டு மின்னும் பொற்சிலையொன்றை நாடிச் செல்கின்றன. குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய தேவ அன்னையின் திருவுருவம் அது. ‘நல்ல தாய்’ என்றே நகர மக்கள் அவரை அழைக்கின்றனர்.

மார்செய் பழம்பெரும் துறைமுகம். கி.மு. 600 அளவில் ஆசியா மைனரிலிருந்து வந்த கிரேக்கர் இதனை நிறுவினர். புதுச்சேரியில் கப்பலேறிய நம்மவர் பலர் பிரெஞ்சு மண்ணில் முதன்முதல் கால்வைத்ததும் இங்கேதான். உல்லாசக் கப்பல்கள் இந்நாளில் நகரின் வடபுறத்து முனையத்தில் வந்து நிற்கின்றன. அங்கிருந்து பேருந்தேறிப் பழைய துறைமுகத்தை அடைதல் வேண்டும். காலைப்பொழுதில் அதன் கரையில் மீன் விற்பனை நடைபெறுவதைக் காணலாம். மாலையில் குறித்த நேரத்தில் கப்பல் புறப்பட்டுவிடும். எவருக்காகவும் அது காத்திராது. ஆகவே, கையிலுள்ள சில மணி நேரத்தில் கடைவீதியைச் சுற்றுவதினும் குன்றேறுதல் நன்று. 60ஆம் எண் பேருந்து நம்மைப் பேராலயத்தின் அருகிலேயே சேர்க்கும்.

ஏறத்தாழ 150 மீட்டர் உயரமுள்ள இக்குன்றில் 1214ஆம் ஆண்டிலேயே ஒரு சிற்றாலயம் எழுந்தது. இன்றுள்ள பேராலயம் 1864இல் அபிஷேகம் செய்யப்பட்டது. கோபுரத்தின்மேல் நிற்கும் அன்னையின் சுரூபம் 11 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. வெளிச்சுவரில் இன்றும் காணப்படும் குண்டுத் தழும்புகள், 1944 ஆகஸ்டில் நகர் விடுதலை பெற்றபோது நடந்த போரின் வடுக்கள்.

உள்ளே நுழைந்ததும் நம் நெஞ்சைத் தொடுபவை, கூரையிலிருந்து தொங்கும் சின்னஞ்சிறு கப்பல் உருவங்கள். புயலினின்று பிழைத்தோர் செலுத்திய நேர்ச்சைக் காணிக்கைகள் அவை. சுவரெங்கும் பளிங்குக் கற்களில் ‘நன்றி’ என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களைக் கண்ட நமக்கு இக்காட்சி புதிதன்று. மொழி வேறாயினும் தாயிடம் பேசும் முறை ஒன்றே அன்றோ!

ஆயினும் கடல் இந்நகருக்கு நன்மை மட்டும் கொணரவில்லை. 1720 மே மாதத்தில் கீழ்நாடுகளிலிருந்து துணியும் பஞ்சும் ஏற்றி வந்த ‘கிரான் சேன் அந்துவான்’ என்னும் கப்பலோடு கொள்ளைநோயும் வந்தது. வழியிலேயே மாலுமிகள் சிலர் மாண்டிருந்தனர். எனினும் காவல் விதிகள் தளர்த்தப்பட்டன. சரக்கில் ஒரு பங்கு நகர ஆட்சியாளர் ஒருவருக்கு உரியதாயிருந்தது. ஆதாயத்தின்மீது கொண்ட ஆசைக்கு நகரம் கொடுத்த விலை பெரிது: ஏறக்குறைய 90,000 மக்களுள் 40,000 பேர் மடிந்தனர். வசதி படைத்தோர் பலர் ஊரைவிட்டு ஓடியபோது, ஆயர் பெல்சன்ஸ் நோயாளரோடு தங்கி அவர்களுக்கு ஆறுதலும் திருவருட்சாதனங்களும் அளித்தார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் நகரை இயேசுவின் திருஇருதயத்திற்கு ஒப்புக்கொடுத்தார். 1722இல் நோய் மீண்டும் தலைகாட்டவே, ஆண்டுதோறும் திருஇருதயத் திருநாளில் திருப்பலி கண்டு மெழுகுதிரி காணிக்கையிடுவதாக நகர ஆட்சியாளர் நேர்ந்துகொண்டனர். அந்நேர்ச்சையை இன்று நிறைவேற்றி வருவது நகரின் வணிகர் மன்றம். ஆதாய ஆசையால் வந்த அழிவை எண்ணும்போது, வணிகர் கையில் எரியும் அத்திரி நமக்கும் ஒரு பாடமாகிறது.

பேராலயத்தின் அருகே, கடலில் மாண்ட மாலுமிகளுக்கும் புகலிடம் தேடி வந்து மூழ்கியோருக்கும் நினைவுச் சின்னம் ஒன்றுண்டு. 2023 செப்டம்பர் 22 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதன் முன் நின்று செபித்தார். கைவிடப்பட்டோரைக் கடலில் காப்பது மனிதக் கடமை என்று உலகிற்கு நினைவூட்டினார். நாம் குளிர்சாதன அறையில் உறங்கிக் கடந்த அதே கடல், ஏழைத் தாய்மார் பலருக்குக் கல்லறையாயிற்று என்பதை அங்கே உணராதிருத்தல் அரிது. அந்நியரை ஏற்றுக்கொள்வோர் தம்மையே ஏற்றுக்கொள்கின்றனர் என்று ஆண்டவர் உரைத்தது துறைமுக நகரங்களுக்கு மட்டும் உரிய வேதமன்று.

இன்னொன்றும் கூறவேண்டும். உல்லாசக் கப்பல்களில் சமைப்போரும், படுக்கை விரிப்போரும், இயந்திர அறையில் உழைப்போருமாகப் பணிபுரிவோருள் இந்தியரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் பலர். பயணிகள் கரையிறங்கி ஊர் சுற்றும் வேளையிலும் அவர்களுள் பலருக்கு வேலை ஓய்வதில்லை. மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து வாழும் அவர்கள், அன்னையின் பொற்சிலையைத் தொலைவிலிருந்து கண்டு சிலுவை வரைவதோடு அமைய வேண்டியவர்களாகின்றனர். அவர்களது பெயரைக் கேட்டறிதலும், அன்போடு இரு சொல் பேசுதலும், அவர்களுக்காகக் குன்றின்மேல் ஒரு திரி ஏற்றுதலும் நம்மால் இயலாதவையல்ல. ஜூலைத் திங்கள் இரண்டாம் ஞாயிறு, கடலில் உழைப்போருக்காகத் திருச்சபை செபிக்கும் நாள். அன்று நம் குடும்ப செபத்தில், கடல் கடந்து உழைக்கும் நம் பங்கின் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அன்னையிடம் ஒப்படைப்போமாக.