வாஷிங்டனுக்குச் சொந்த ஊர் இங்கிலாந்து!

வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகரமும் வெள்ளை மாளிகையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்தப் பெயர் பிறந்த ஊர் இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லேண்ட் நகரத்துக்கு அருகில் இருக்கிறது. ஊரின் பழைய பகுதியில், தேவாலயத்தை ஒட்டி ஒரு கல் வீடு. பெயர், வாஷிங்டன் ஓல்டு ஹால்.

12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்ற பிரபு இங்கே குடிவந்தார். அந்தக் காலத்தில் பிரபுக்களுக்கு நிலம் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரே அடையாளம். ஊர் மாறியதும் அவர் பெயரும் மாறியது. 'வெஸிங்டன்' என்று அப்போது வழங்கிய ஊர்ப்பெயர் அவருடைய குடும்பப் பெயரானது. எழுத்து மாறி மாறி, கடைசியில் 'வாஷிங்டன்' என்று நிலைத்தது.

வம்சம் பல ஊர்களுக்குப் பிரிந்தது. ஒரு கிளை நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள சல்கிரேவ் கிராமத்தில் வீடு கட்டியது. அந்தக் கிளையில் வந்த ஜான் வாஷிங்டன், 1650-களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன்.

பூர்வீக வீடோ 1613-ல் டர்ஹம் பிஷப்பிடம் விற்கப்பட்டது. பிற்காலத்தில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் அதில் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. 1930-களில் இடிந்துவிழும் நிலை. பிரெட் ஹில் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் முன்னின்று வீட்டைக் காப்பாற்றினார். 1955-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1977-ல் இந்த ஊருக்கு வந்த ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு மரம் நட்டுவிட்டுப் போனார்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் பெயர் அழியவில்லை. 2000-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 1,63,000 பேருக்கு இதுவே குடும்பப் பெயர். அவர்களில் 10-க்கு 9 பேர் கறுப்பின மக்கள்!

காரணம், அடிமை முறை. அடிமைகள் பெரும்பாலும் ஒற்றைப் பெயராலேயே அழைக்கப்பட்டார்கள். 1865-ல் விடுதலை கிடைத்தபோது, குடும்பப் பெயர் இல்லாத பலர் தங்களுக்கென ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த சிறுவன் ஒருவனுக்குத் தெரிந்த பெயர் புக்கர் மட்டும்தான். பள்ளியில் எல்லாரும் இரண்டு பெயர்கள் சொல்வதைக் கேட்டவன், தன் முறை வந்ததும் 'புக்கர் வாஷிங்டன்' என்றான். அவன்தான் பின்னாளில் டஸ்கீகி கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்த கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன்.

நிலம் வைத்திருந்த ஒருவர் ஊரின் பெயரை எடுத்துக்கொண்டார். சுமார் 700 வருடங்கள் கழித்து, தன் உடம்புகூடத் தனக்குச் சொந்தமில்லாமல் பிறந்த ஒரு பையனும் அதே பெயரை எடுத்துக்கொண்டான். ஓல்டு ஹாலில் ஜூலை 4 அன்று அமெரிக்கக் கொடி ஏற்றும் வழக்கம் உண்டு. அந்தக் கொடிக்குக் கீழே இரண்டு பேருக்குமே இடம் இருக்கிறது.