விடியற்காலைக் குயிலும் ஐ.எஸ்.ஓ. எண்ணும்



பிரிக்பீல்ட்சில் காகத்திற்குப் பஞ்சமில்லை. கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களைத் தின்றழித்த புழுக்களை ஒழிப்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவை இது. காப்பி போயிற்று, காகம் நிலைத்தது. காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கும் இங்கே வாழ்வு கிடைத்தது. (நம் முன்னோர் வந்த கதையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.)

பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக மாணவி ஒருத்தி தன் வீட்டு மாடியிலிருந்து படமொன்று எடுத்து வந்தாள். காகக் கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் ஒரு பெண்குயில். ஐ.எஸ்.ஓ. 6400இல் எடுத்த படம். முழுவதும் மணலைத் தூவியது போலிருந்தது. அவள் தந்தையாருக்கு மனம் ஒப்பவில்லை. “இதைக் கணினியில் போட்டுத் துடைத்துக் கொண்டு வந்திருக்கிறேன் ஐயா, இதையே ஒட்டுங்கள்” என்றார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். துடைத்த படம் வழுவழுவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால், பழுப்பு உடலில் இருந்த வெண்புள்ளிகளும் மணலோடு சேர்ந்து போய்விட்டன. பெண்குயிலைக் காட்டிக் கொடுப்பவையே அந்தப் புள்ளிகள்தாம்! அவை இல்லையென்றால் அது ஏதோ ஒரு பழுப்புப் பறவை. பிள்ளை கண்டதற்குச் சான்றே இல்லை. மணல் படிந்த படத்தையே ஒட்டினோம்.

இத்தனை உயர்ந்த எண் எதற்கு? 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன. அதனால் இங்கே ஆண்டு முழுவதும் கதிரவன் எழக் காலை ஏழு மணி ஆகிவிடுகிறது. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது அரையிருள் மட்டுமே.

இரைச்சல் எனப்படும் இந்த மணற்புள்ளிகளுக்கு ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பழிப்பது வழக்கம். உண்மையான காரணம் ஒளிப் பற்றாக்குறை. முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து மழைத்துளிகளை எண்ணுவதாகக் கொள்ளுங்கள். கிண்ணத்திற்குச் சராசரி 100 துளி விழும் தூறலில், ஒன்றில் 90, மற்றொன்றில் 110 என ஏறத்தாழப் பத்து விழுக்காடு வேறுபடும். சராசரி 10,000 துளி விழும் பெருமழையில் வேறுபாடு ஏறத்தாழ 100. அதாவது ஒரு விழுக்காடுதான். ஒளியும் துகள் துகளாகவே வந்து விழுகிறது. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் ஒரு துகள்கூடக் கூடுதலாக வராது. வந்ததைப் பெருக்கிக் காட்டும்போது வேறுபாடும் பெருகித் தெரிகிறது, அவ்வளவே. எண்ணைத் தாழ்வாக வைத்து, இருண்ட படத்தைப் பின்னர்க் கணினியில் வெளுப்பாக்கினாலும் இரைச்சல் குறையாது. பல கருவிகளில் கூடவே செய்யும். கறுப்பு இறகு ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால், காகத்தின் மேல்தான் இந்த மணல் முதலில் தெரியும்.

ஆகவே, கூடுதல் ஒளிக்கு வழி தேடுங்கள். பறவை அசையாமல் அமர்ந்திருந்தால், கருவியை மாடிச் சுவரில் ஊன்றி, விநாடியில் 500இல் ஒரு பங்கை 125இல் ஒரு பங்காக மாற்றலாம். நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். 6400 வேண்டிய இடத்தில் 1600 போதும். பறக்கும் பறவைக்கு இது உதவாது. அங்கே எண்ணைத் தயங்காமல் உயர்த்துங்கள். மணலை ஓரளவு குறைக்கலாம்; அசைந்து குழம்பிய இறகை மீட்பது அரிது. கூட்டருகே மின்னல் விளக்கு மட்டும் வேண்டா.

செயற்கை நுண்ணறிவால் இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. இவற்றின் திறமை வியப்பூட்டுகிறது. எனினும், அழிந்த இடத்தில் இல்லாத இறகை அவை வரைந்துவிடுவதும் உண்டு. வீட்டுச் சுவருக்கு அது போதும். அறிவியல் கண்காட்சிக்கு ஆகாது என்பது என் கருத்து. மூலக்கோப்பை அழிக்காமல் வையுங்கள். துடைப்பதானால் பின்னணி வானத்தை மட்டும் துடையுங்கள். படத்தைச் சிறிதாக அச்சிடுவது இன்னும் எளிது. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது உறுத்திய மணல், நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.