தேடியும் இணையாத வாசல்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 14:10-11; ஏசாயா 50:4



அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் பேருந்துகளின் ஓசை மேல்மலையனூரில் விடியுமட்டும் ஓயாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்படியொரு இரவில் உறக்கம் கலைந்து எழுந்து வந்தேன். விடுப்பில் வந்திருந்த என் மகன் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கணினிக் கூடத்தைப் பராமரிப்பது அவனுடைய பணி. புதிதாகச் சேர்த்த ஒரு சர்வர் வலையமைப்பில் இணையவில்லை என்று உடன் பணிபுரிபவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். அன்றிரவு நான் கண்டதையும் கற்றதையும் அவன் சம்மதத்தோடு உங்களுக்கு எழுதுகிறேன்.

திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று திறக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீத்திறன் கணினியைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதன் திறன் 838 டெராஃப்ளாப்; நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். இத்தனை வேலையை ஒரே கணினி செய்வதில்லை. பல கணினிகள் பகிர்ந்து செய்கின்றன. அவற்றை அதிவேக இணைப்பு ஒன்று பிணைக்கிறது. அந்த இணைப்புக்காக ஒவ்வொரு கணினியிலும் ஓர் அட்டை உண்டு. அதன் வாசலைத்தான் போர்ட் என்கிறார்கள்.

இவ்வகை இணைப்பில் இரண்டு மொழிகள் வழங்குகின்றன. ஒன்று ஈதர்நெட், மற்றொன்று இன்ஃபினிபேண்ட். சில அட்டைகள் இரண்டையும் பேசக்கூடியவை. அவற்றை உருவாக்கிய மெல்லனாக்ஸ் நிறுவனம், 2020-இல் என்விடியாவோடு இணையும்வரை, இஸ்ரவேலில் கர்மேல் மலைக்கு அருகிலுள்ள யொக்னியாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. யோசுவா 12:22-இல் நாம் வாசிக்கும் அதே ஊர்ப்பெயர்! இந்த அட்டையில் எந்த மொழிக்கும் வாசலின் வடிவம் ஒன்றே, செருகும் கேபிளும் அதில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒரு போர்ட் ஒரு நேரத்தில் ஒரு மொழியைத்தான் பேசும். எதைப் பேசவேண்டும் என்பதை நாம்தான் அமைத்துவைக்க வேண்டும்.

அங்கே இருந்தவர் முதலில் கேபிளை மாற்றிப் பார்த்தார். பிறகு எதிர்முனையிலுள்ள சுவிட்சில் வேறொரு போர்ட்டில் செருகிப் பார்த்தார். பயனில்லை. திரையில் இரண்டு வரிகள் தெரிந்தன. ‘நிலை: டவுன்’ என்றது ஒன்று, ‘பௌதிக நிலை: போலிங்’ என்றது மற்றொன்று. “போலிங் என்றால் என்ன தம்பி?” என்று கேட்டேன். “எதிரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே இருக்கிறதுப்பா. பதில் வரவில்லை” என்றான்.

அதன்பின் அவன் தன் பக்கத்து அட்டையின் அமைப்பைப் பார்க்கச் சொன்னான். காரணம் அங்கேதான் இருந்தது. எதிரே இருந்த சுவிட்ச் ஈதர்நெட் பேசுவது. அட்டையோ பழைய இடத்தில் இன்ஃபினிபேண்டுக்கென்று அமைக்கப்பட்டு, அப்படியே இங்கே வந்திருந்தது. கேபிளில் பழுதில்லை. சுவிட்சிலும் இல்லை, அட்டையிலும் இல்லை. நொடிக்குப் பத்தாயிரம் கோடி பிட்டுகளைக் கடத்தவல்ல வாசல், எதிரே இருப்பவர் அறியாத மொழியில் இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பிரியமானவர்களே, அந்த இடத்தில் ஆவியானவர் என்னை உணர்த்தினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் மகன் என்னை அழைத்து, “வேலையை விட்டுவிடலாம்போல் இருக்கிறதுப்பா” என்றான். நான் அவனுக்கு யோபுவைச் சொன்னேன், யோசேப்பைச் சொன்னேன், பத்து நிமிடம் பிரசங்கித்தேன். சொன்னவை எல்லாம் சத்தியமே. ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் பேச்சு, “நன்றாயிருக்கிறேன்பா” என்ற ஒரு சொல்லாய்ச் சுருங்கிப்போனது. நான் வாரந்தோறும் அழைத்தேன். அவன் மாறிவிட்டான், பட்டணம் அவனை மாற்றிவிட்டது என்று குறைப்பட்டேன். கேபிளையும் சுவிட்சையும் சந்தேகித்தேனே தவிர, என் பக்கத்து அமைப்பை ஒருநாளும் பார்க்கவில்லை. பொருள் விளங்காத பேச்சு, பேசுகிறவரையும் கேட்கிறவரையும் ஒருவருக்கொருவர் அந்நியராக்கும் என்று பவுல் எச்சரிக்கிறார். என் வீட்டிலேயே அது நிறைவேறியிருந்தது.

அந்த அட்டையில் இரண்டு போர்ட்டுகள் இருந்தன. ஒன்றின் அமைப்பை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாது, இரண்டையும் தனித்தனியே மாற்றவேண்டும் என்றான். அதுவும் என்னைக் குத்தியது. சபையாரில் யார் துயரத்தோடு வந்தாலும் நள்ளிரவுவரை வாய்திறவாமல் கேட்க எனக்குத் தெரியும். அந்த வாசல் சரியாக இருந்தது. வீட்டுப் பக்கத்து வாசலைத்தான் கவனியாமல் விட்டிருந்தேன்.

புதிய மதிப்பைப் பதித்த பின்னும் இணைப்பு வரவில்லை. திரையில் இரண்டு பத்திகள்: ‘தற்போது’ என்பதில் பழைய மொழி, ‘அடுத்த தொடக்கத்தில்’ என்பதில் புதிய மொழி. “எழுதிவைத்தால் மட்டும் போதாதுப்பா, நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் மாறும்” என்றான். நம்முடைய தீர்மானங்களில் எத்தனை அந்த இரண்டாம் பத்தியிலேயே ஆண்டுக்கணக்காய்க் கிடக்கின்றன! ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தித் தாழ்த்தாமல் மனந்திரும்புதல் முழுமையாவதில்லை.

சர்வர் மறுபடி எழுந்தது, இணைப்பும் வந்தது. அவன் கணினியை மூடும்போது நான் சொன்னேன்: “தம்பி, அன்றைக்கு நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு. இப்போது சொல்வாயா?” அவன் வெகுநேரம் பேசாதிருந்தான். நானும் பேசவில்லை. ஒரு வசனம்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது, முப்பது ஆண்டு பிரசங்க மேடைக்குப் பழகிய எனக்கு எளிதாயிருக்கவில்லை. பிறகு அவன் பேசினான். என்ன சொன்னான் என்பது எங்கள் இருவருக்கும் கர்த்தருக்கும் உரியது. வெளியே பேருந்துகளின் ஓசை அடங்கியபோதும் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

சத்தியத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏசாயா காட்டும் ஊழியனைப் பாருங்கள். சோர்ந்தவனுக்கு ஏற்ற சொல்லைச் சொல்லும் நாவு அவனுக்கு அருளப்பட்டிருக்கிறது. அதோடுகூட, காலைதோறும் அவனுடைய செவியைத் தேவன் எழுப்புகிறார். கேட்கத் திறந்த செவியே ஏற்ற சொல்லை அறியும்.

இந்த வாரம் உங்களோடு பேச்சு நின்றுபோன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அது மகனாயிருக்கலாம், மருமகளாயிருக்கலாம், வரப்புத் தகராறில் பிரிந்த பங்காளியாயிருக்கலாம். அவர் பக்கத்துப் பழுதைத் தேடுமுன், உங்கள் வாசல் எந்த மொழிக்கு அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பின்பு நீங்களே போய், மன்னிப்புக் கேட்டு, அவர் பேசி முடிக்குமட்டும் காத்திருங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் நாவைப் பயன்படுத்துமுன் எங்கள் செவியைத் திறந்தருளும். எங்கள் சொந்த வீட்டில் நாங்கள் அந்நியராகாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்