பொலிஸ்காரிக்கு ஒரு மாலை

கடந்த டிசம்பரில் எங்கள் மாதர் சங்கத் தலைவி லயத்துக்கே வந்து ஒரு வேலை சொன்னார். எங்கள் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைப் பல வருடம் பார்த்துக்கொண்ட பெண் சார்ஜன்ட் ஓய்வு பெறுகிறார். சங்கம் மாலை போடப்போகிறது. "நீதான் தமிழ்ல அஞ்சு நிமிஷம் பேசணும், அவங்கள உனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார்.

மேடை எனக்குப் புதிதல்ல. சம்பளப் பிரச்சினை பேசியிருக்கிறேன், முன்பள்ளிக்குக் கூரை கேட்டுப் பேசியிருக்கிறேன். ஆனால் பொலிஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. சகோதரிகளே, உங்களில் பலருக்கு இது விளங்கும். காக்கி உடுப்பைத் தூரத்தில் கண்டதும் அடையாள அட்டையைத் தேடிய கைகள்தானே நம்முடைய கைகள்.

1981 ஆகஸ்டில் எனக்கு ஒன்பது வயது. இரத்தினபுரி, கஹவத்தை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் லயங்கள் எரிந்த மாதம் அது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சி தர்மபுரத்துக்குப் போனார். எங்களைப்போல மலையிலிருந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்கள் அங்கே காடு வெட்டிக் குடியிருந்தன. பதினைந்து வருடம் அதுவே எங்கள் ஊர். 1996-இல் கிளிநொச்சிச் சண்டையில் அதையும் விட்டோம். வவுனியா வந்து, பாஸுக்குக் காத்துக் கிடந்து, கடைசியில் யட்டியாந்தோட்டைப் பக்கம் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சப்ரகமுவவில் பிறந்தவள் சப்ரகமுவவுக்குத் திரும்பினேன். ஆனால் அடையாள அட்டையில் கிளிநொச்சி என்று இருந்தது.

1997-இல் தம்பியை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். அது எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே வேண்டாம். காலை முதல் பொழுது சாயும்வரை அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு ஏதேதோ கேட்டு, சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தம்பி நான்காம் நாள் வந்துவிட்டான். அந்தத் தாள்தான் என் மனதைவிட்டுப் போகவில்லை.

இப்படிப்பட்ட நான் என்ன பேசுவது? யோசித்தபடி இருந்தபோது, வருடக்கணக்காக என்னிடம் கிடக்கும் ஒரு நாவல் நினைவுக்கு வந்தது. திலகவதியின் 'கல்மரம்'. சென்னையில் கட்டட வேலை செய்யும் கூலி மக்களின் கதை. 2005-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. முதல்முறை வாசித்தபோது, சாந்துச்சட்டி சுமக்கும் பெண்களை எங்கள் பால்வெட்டும் பெண்களாகவே நினைத்துக்கொண்டேன். இதை எழுதியவரும் கூலிக்காரக் குடும்பத்துப் பெண்ணாக இருப்பார் என்று எண்ணிப் பின்அட்டையைத் திருப்பினால், பொலிஸ் அதிகாரி என்று போட்டிருந்தது! கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

திலகவதி தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்துக்காரர். (தர்மபுரத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயரிலேயே ஒரு ஒட்டுதல்.) தமிழ்நாட்டுப் பொலிஸில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1973-இல்தான். மூன்று வருடம் கழித்து, 1976-இல், அவர் இந்தியப் பொலிஸ் சேவையில் அதிகாரியாகச் சேர்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சேவைக்குப் போன முதல் பெண் அவர்தான். டி.ஜி.பி. தரம் வரை உயர்ந்து ஓய்வு பெற்றார். அதே 1976-இல் சேர்ந்த லத்திகா சரண், 2006-இல் சென்னை மாநகரப் பொலிஸ் ஆணையாளரானார். 2010-இல் தமிழ்நாட்டுப் பொலிஸுக்கே தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவரே. இடையில் 1992-இல், சென்னை ஆயிரம் விளக்கில் முதலாவது அனைத்து மகளிர் பொலிஸ் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அந்த மாநிலத்தில் அப்படிப்பட்ட நிலையங்கள் இருநூறுக்கும் மேல்.

நம் நாட்டில் பொலிஸ் சேவை 1866-இல் தொடங்கியது. முதலாவது பெண் பிரதிப் பொலிஸ் மாஅதிபராக பிம்ஷானி ஜாசிங்ஆரச்சி நியமனம் பெற்றது 2020-இல். கணக்குப் பார்த்தால் 154 வருடம். அதையும் எதிர்த்து அடுத்த வருடமே ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். பெரிய இடத்துப் பெண்ணுக்கே இந்தப் பாடு என்றால், எங்கள் ஊர்ப் பெண் சார்ஜன்ட் தன் நிலையத்துக்குள் எதையெல்லாம் விழுங்கியிருப்பாரோ!

ஆனால் பெண் என்பதற்காக மட்டும் நான் யாருக்கும் மாலை போட மாட்டேன். "புருஷன் அடிக்கிறது உலகத்துல இல்லாததா, வீட்டுக்குப் போ" என்று சொல்லும் பெண்களும் உண்டு. காக்கி உடுத்தினாலும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். எனக்குத் திலகவதியில் பிடித்தது அவருடைய பதவி அல்ல. கல்லும் மண்ணும் சுமக்கிறவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாரே, அதுதான்.

இனி என் கதை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். 2008-இல் என் கணவரின் குடி அடியாக மாறி, ஓர் இரவு என் கை முறிந்தது. மகளுக்கு எட்டு வயது. யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். கிளிநொச்சி என்ற அட்டையோடு பொலிஸுக்குப் போனால் அடித்தவரை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்து லயத்து அக்கா இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரு சிங்களப் பெண் இருந்தார். அப்போது அவர் கொன்ஸ்டபிள். அட்டையை வாங்கிப் பார்த்தார். கிளிநொச்சி என்பதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். உடைந்த தமிழில் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி முடித்ததும் நான் பேனைக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"தங்கச்சி, பொறுங்க. எழுதினத நான் தமிழ்ல சொல்றேன். பிழை இருந்தா சொல்லுங்க. பொறகு சைன் பண்ணலாம்."

ஒவ்வொரு வரியாகச் சொன்னார். ஓர் இடத்தில் விறகுக்கட்டை என்று நான் சொன்னதைக் கத்தி என்று எழுதியிருந்தார். நான் சொன்னதும் அதை வெட்டித் திருத்தினார். அன்றைக்குத்தான் நான் ஒரு தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கையெழுத்துப் போட்டேன். அழுகை வந்தது. கை வலி என்று அவர் நினைத்திருப்பார்.

2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றி எனக்குச் சொன்னவரும் அவரே. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் ஒன்று, நாம் போக முடியாவிட்டால் நமக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கலாம் என்றெல்லாம் விளக்கினார். நான் உடனே போகவில்லை. கணவரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள், மூன்று மாதம் சும்மா இருந்தார், பிறகு பழையபடி. அடுத்த வருடம்தான் நீதிமன்றம் போய்க் கட்டளை எடுத்தேன். அந்தச் சார்ஜன்ட் எல்லாவற்றையும் தீர்த்துவைத்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டத்து இரண்டு பெண்களின் முறைப்பாடுகள் அவர் காலத்திலேயே எங்கேயோ அமுங்கிப்போயின.

விழா நாளில் இதைத்தான் பேசினேன். தம்பியின் தாளையும் சொன்னேன், என் தாளையும் சொன்னேன். திலகவதியைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெரிய அதிகாரிகளுக்கு மொழி புரியாததால் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். சார்ஜன்ட்டுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தில் போடாமலே பேசினார். "நான் தமிழ் படிச்சது இலாகாவுல இல்ல. ஒங்க முறைப்பாடுகள்லதான் படிச்சேன். எனக்குப் பதிலா வர்றவங்களுக்குத் தமிழ் தெரியாது. நீங்க கேட்டாத்தான் அனுப்புவாங்க."

அது எங்களுக்குச் சுருக்கென்றது. அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தம் 1988-இலேயே வந்துவிட்டது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் சப்ரகமுவவிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள நமக்கு உரிமை உண்டு. அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் மேசையில் அந்த ஒரு பெண் இருந்தார், அவ்வளவுதான். அவசரம் என்றால் 119-ஐயும், பெண்களுக்கான 1938-ஐயும் அழைக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நேரே போய் உட்கார்ந்து முறைப்பாடு எழுத ஓர் ஆள் வேண்டாமா?

தைப்பொங்கல் கழிந்து சங்கத்தில் கூடி, தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பும்படி பொலிஸ் அத்தியட்சகருக்குக் கடிதம் எழுதினோம். தமிழில் ஒரு பிரதி, சிங்களத்தில் ஒரு பிரதி. கையெழுத்துக்கு முன் இரண்டையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். லயத்துப் பாட்டி ஒருவர் இரண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகுதான் அவர் பெருவிரலை மையில் வைத்தார்.