எந்த நாணயத்தில்?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் மாலை வேளையில் நடந்து செல்வோர் கண்ணில், பூக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே ஒருவர் உட்காரும் அளவே இடங்கொண்ட நாணய மாற்றுக் கடைகள் தென்படும். கண்ணாடிக்குப் பின்னே எண்கள் ஒளிரும் பலகை. அதன் கீழே நாடு நாடாக அடுக்கி வைத்த பணத்தாள்கள். தமிழ்நாட்டுக்குப் புறப்படுவோர் அங்கே நின்று, "இன்றைக்கு ரூபாய் என்ன விலை?" என்று கேட்பது தலைமுறை வழக்கம். அண்மைக் காலமாக அக்கேள்வியோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்து பயண வீடுகளில் எழுகின்றது. எந்த அட்டையைக் கொண்டு செல்வது?

இவை இரண்டும் வேறு வேறு போலத் தோன்றினும் வேர் ஒன்றே. தோட்டத்திலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் உழைத்துச் சேர்த்த வெள்ளி, கடலைத் தாண்டி ரூபாயாக மாறும்போது இடையில் நிற்போர் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றனர் என்பதே அவ்வேர். முன்னாளில் இடையில் நின்றவருக்கு முகம் இருந்தது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியாரிடம் பணம் செலுத்தி உண்டியல் எழுதி வாங்கினால், அச்சீட்டைக் காட்டி ஊரில் பணம் பெறலாம். 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறிய தலைமுறை நம்பியது அந்த முகத்தைத்தான். இன்றைய அட்டைக்கு அப்படி ஒரு முகம் இல்லை. அட்டையைக் கொடுத்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு, அயல்நாட்டுக் கடைக்காரரின் வங்கி என மூவர் மறைவில் நிற்கின்றனர். மூவரும் தத்தம் கூலியைப் பெறுவதில் தவறில்லை. எவர் எவ்வளவு எடுத்தார் என்பது மாதக் கணக்கறிக்கை வந்த பின்னரே தெரிகிறது. வந்த பின்னும் பலருக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் கைப்பணமே போதும் என்று வாதிடுவோர் உளர். காலம் அவர்களுக்கு மூன்று பாடங்களைப் புகட்டியிருக்கிறது. 1998 செப்டம்பரில் மலேசிய அரசு நாணயக் கட்டுப்பாட்டை அறிவித்து, வெள்ளியின் மதிப்பை ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் பயணி ஒருவர் 1,000 வெள்ளிக்கு மேல் மலேசியப் பணத்தாளாக நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல இயலாது என்றாயிற்று. மறு ஆண்டு, 1999 ஜூலை 1 முதல், 500 வெள்ளி, 1,000 வெள்ளித் தாள்கள் செல்லாதவையாயின. மூன்றாவது பாடம் கடலின் அக்கரையிலிருந்து வந்தது. 2016 நவம்பர் 8 இரவு, இந்தியாவின் 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று மலேசிய வீடுகளில் மீதப்படுத்தி வைத்திருந்த ரூபாய்கள், மாற்றுக் கடைக்காரரும் தொடாத காகிதங்களாயின. வெளிநாடுகளில் வாழ்ந்த இந்தியக் குடிமக்களுக்குச் சில மாதங்கள் கூடுதல் தவணை கிடைத்தது. மலேசியக் குடியுரிமை பெற்றோர் அவ்வரிசையில் இல்லை.

அவ்வாறு இழந்தோருள் கிள்ளானில் வாழும் மூதாட்டி ஒருவரும் உண்டு. அரசு மருத்துவமனையில் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். 2014இல் தந்தை பிறந்த கும்பகோணத்துப் பக்கத்துச் சிற்றூருக்குச் சென்று திரும்பியபோது எஞ்சிய பதினொரு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒரு மைலோ தகரப் பெட்டியில் போட்டு, அரிசிக் கொள்கலனுக்குப் பின்னே வைத்திருந்தார். தொகை பெரிதன்று. ஆயினும் அந்த 5,500 ரூபாய், மாத ஓய்வூதியத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியாகப் பிரித்தெடுத்த பணம்.

2024இல் அவர் மீண்டும் புறப்பட எண்ணியபோது, மகள் ஒரு வழி சொன்னார். "என் கடனட்டையோடு சேர்த்து உங்களுக்கும் ஒரு துணையட்டை எடுத்துத் தருகிறேன் அம்மா. எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள்." அன்பில் பிறந்த யோசனைதான். மூதாட்டிக்குத் தம் பெயரில் கடனட்டை பெற வழியில்லை. கடனட்டை வேண்டுவோருக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி; அவருடைய ஓய்வூதியம் அதைத் தொடவில்லை. என்றாலும் அவர் இசையவில்லை. துணையட்டையில் ஒரு சேலை வாங்கினால், அதன் விலை அந்த நொடியே கிள்ளானில் மகளின் கைப்பேசியில் மணியடிக்கும். தம்பி மகனுக்கு எவ்வளவு கொடுத்தார், விதவை நாத்தனாருக்கு என்ன வாங்கினார் என்பதெல்லாம் இன்னொருவர் கணக்கில் ஏறும். நாற்பது ஆண்டுகள் சம்பளம் வாங்கிய கை அது. தன் பணத்தைத் தானே செலவிட வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் அட்டை பற்றிய தேடல் தொடங்கியது.

தேடுவோர் முதலில் மயங்குவது வெகுமதிப் புள்ளிகளில். இத்தனை வெள்ளி செலவிட்டால் இத்தனை புள்ளி, விமான நிலையத்தில் ஓய்வறை, இலவசப் பயணப்பெட்டி என விளம்பரங்கள் அடுக்கும். அயல்நாட்டுச் செலவில் புள்ளிகள் தருவது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எடுத்துக்கொள்வதோ வேறு. மலேசிய வங்கிகளின் வழக்கமான அட்டைகளில், வலையமைப்பின் கட்டணமும் வங்கியின் மேற்கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ 2 விழுக்காடு செல்லும். கடனட்டையாயின் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரியும் உண்டு. ஆகவே புள்ளியைப் பார்த்து அட்டை தேர்வது, அரிசி விலையைக் கேளாமல் பையின் அழகைப் பார்த்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

பார்க்க வேண்டியது மேற்கட்டணம். 2022 ஏப்ரலில் பேங்க் நெகாரா ஐந்து இலக்கமுறை வங்கிகளுக்கு வழி திறந்தது. அவற்றுள் முதலாவது 2023இல் செயல்படத் தொடங்கியது. இத்தகைய புதிய வங்கிகளும் மின்பணப்பை நிறுவனங்களும் வெளியிட்ட அட்டைகளுள் சில, வெளிநாட்டுச் செலவுக்கு மேற்கட்டணம் இல்லை என்றோ மிகக் குறைவு என்றோ அறிவித்தன. இவை பெரும்பாலும் கணக்கில் உள்ள பணத்தை மட்டும் எடுக்கும் டெபிட் அட்டைகளும், முன்பணம் நிரப்பும் அட்டைகளுமே. வருமான வரம்பு இல்லை. மூதாட்டிக்கு இது பொருந்தியது. எனினும் இங்கும் ஒரு வேறுபாட்டை அறிந்து கொள்ள வேண்டும். வங்கியில் வைத்த பணத்துக்கு மலேசிய வைப்புநிதிக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு 250,000 வெள்ளி வரை உண்டு. மின்பணப்பையில் நிரப்பிய பணத்துக்கு அக்காப்புறுதி இல்லை. பயணத்துக்கு வேண்டிய அளவை மட்டும், வேண்டிய நேரத்தில் நிரப்புவதே அறிவு.

எந்த அட்டையைத் தேர்ந்தாலும், அதன் பயனைக் கடைசி நிமிடத்தில் பறித்துவிடக் கூடிய பொறி ஒன்று உண்டு. அயல்நாட்டுக் கடையில் அட்டையைச் செருகியதும், கருவி மிக்க மரியாதையோடு ஒரு கேள்வி கேட்கும். ரூபாயில் செலுத்துகிறீர்களா, உங்கள் நாட்டு ரிங்கிட்டில் செலுத்துகிறீர்களா? பழகிய நாணயத்தைக் கண்டதும் விரல் தானாக அதன் மேல் செல்லும். அங்கேதான் இழப்பு. ரிங்கிட்டைத் தெரிவு செய்தால், மாற்று விலையை முடிவு செய்வது வலையமைப்பு அன்று. கடைக்காரரின் வங்கியும் அதற்குத் துணை நிற்கும் நிறுவனமும் தாம் விரும்பிய இலாபத்தைச் சேர்த்து விலை வைக்கின்றன.

கணக்கு எளிதாக அமைய, ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று கொள்வோம். 20,000 ரூபாய்ப் பட்டுச் சேலைக்கு மேற்கட்டணம் இல்லாத அட்டையில் ரூபாயாகச் செலுத்தினால் 1,000 வெள்ளியை ஒட்டி முடியும். வழக்கமான அட்டையில் 1,020. ரிங்கிட்டைத் தெரிவு செய்து, அங்கே 5 விழுக்காடு ஏற்றினால் 1,050. வெளிநாட்டில் நடந்த ரிங்கிட் செலவு என்று சொல்லிச் சில மலேசிய வங்கிகள் மேலும் ஒரு விழுக்காடு வாங்குவதால், அது 1,060 ஆகவும் கூடும். சிறந்த அட்டையை வைத்திருந்தவரும் ஒரு பொத்தானில் தோற்கிறார். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவரின் சாதாரண அட்டை, விடை தெரியாதவரின் உயர்ந்த அட்டையைவிட மேலானது.

ஏ.டி.எம். பொறியும் இதையே கேட்கும், இன்னும் தந்திரமாக. "இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று திரையில் வரும். மறுத்தால் பணமே வராதோ என்று அஞ்சி ஏற்போர் பலர். மறுப்பது அந்த விலையைத்தான். பணம் எடுப்பதை அன்று. மறுத்த பின்னும் ரூபாய் வரும், வலையமைப்பின் விலையில். ஆனால் கடனட்டையால் ரொக்கம் எடுப்பது எந்த நாட்டிலும் வேண்டாத வேலை. மலேசியாவில் அதற்கு ஏறத்தாழ 5 விழுக்காடு கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டியும் ஏறும்.

கும்பகோணத்துப் பட்டுக்கடை ஒன்றில் மூதாட்டிக்கு இச்சோதனை வந்தது. விற்பனை இளைஞர் கருவியைத் தம் பக்கமே வைத்துக்கொண்டு ரிங்கிட்டை அழுத்தப் போனார்.

"ரூபாயிலேயே போடுங்கள், தம்பி."

"உங்கள் ஊர்ப் பணத்தில் போட்டால் சுலபமாக இருக்குமே, அம்மா."

"பார்க்கச் சுலபம்தான் தம்பி. கொடுப்பது நான்தானே?"

இளைஞர் சிரித்துக்கொண்டே கருவியை அவர் பக்கம் திருப்பினார். இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. கருவியின் உள்நோக்கம் அவருக்கும் தெரிந்திராது.

அட்டையின் எல்லை அந்தப் பட்டுக்கடையோடு பெரும்பாலும் முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இளநீர் விற்பவரும் பூக்காரரும்கூட யு.பி.ஐ. என்னும் முறையில் கைப்பேசி வழியே பணம் பெறுகின்றனர். அயல்நாட்டு அட்டையைத் தேய்க்க அவர்களிடம் கருவி இல்லை. வெளிநாட்டுப் பயணிகளும் அம்முறையைப் பயன்படுத்த இந்திய ரிசர்வ் வங்கி 2023இல் வழி செய்தபோது, ஜி-20 நாடுகளிலிருந்து வருவோர்க்கே முதலில் வாய்ப்புக் கிடைத்தது. மலேசியா அக்குழுவில் இல்லை. பின்னர் அது விரிந்தபோதிலும், கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்து, பணம் நிரப்பிப் பயன்படுத்தும் பொறுமை எல்லா முதியோருக்கும் வாய்ப்பதில்லை. ஆட்டோவுக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் உறவுக் குழந்தைகளின் கையில் வைக்கவும் ரூபாய்த் தாளே வேண்டும். அதற்குப் பிரிக்பீல்ட்ஸ் கடை இன்றும் தேவைதான். 2011ஆம் ஆண்டின் பணச்சேவை வணிகச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடையா என்று பார்த்து, இரண்டு மூன்று பலகைகளை ஒப்பிட்டு, இரசீது கேட்டு வாங்குவோர் அங்கே ஏமாறுவது அரிது. போட்டி மிகுந்த அக்கடைகளில் விலை பல சமயம் விமான நிலையத்தைவிட நன்றாக இருக்கும்.

மூதாட்டியின் ஏற்பாடு இறுதியில் இவ்வாறு அமைந்தது. சில்லறைச் செலவுக்கு ஒரு வாரத்துக்கான ரூபாய். பெருஞ்செலவுக்கு மேற்கட்டணம் இல்லாத டெபிட் அட்டை. அது தொலைந்தால் உதவ, வேறு வலையமைப்பைச் சேர்ந்த பழைய வங்கி அட்டை ஒன்று, வேறு பையில். மலேசிய டெபிட் அட்டைகள் பல, வாடிக்கையாளர் முன்கூட்டியே இசைவு தந்தாலன்றி வெளிநாட்டில் இயங்கா. அந்த இசைவைக் கொடுக்க மறந்து, சென்னை விமான நிலையத்தில் திகைத்து நின்றோர் கதைகள் கிள்ளானில் நிறைய. பேரன் அதைக் கைப்பேசிச் செயலியில் திறந்து கொடுத்து, திரும்பியதும் மூடும் வழியையும் காட்டிக் கொடுத்தான்.

ஒன்றை மட்டும் எவரும் சொல்லவில்லை. தங்கும் விடுதிகள் முன்பிணையாக ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். கடனட்டையில் அது கடன் வரம்பைத்தான் குறைக்கும். டெபிட் அட்டையிலோ கணக்கிலுள்ள பணமே முடங்கிவிடும். ஆதலின் விடுதிப் பிணையை ரொக்கமாகக் கொடுப்பதே டெபிட் அட்டைக்காரருக்கு நல்லது. தஞ்சாவூர் விடுதியில் அவ்வாறு முடங்கிய 200 வெள்ளி, அவர் கிள்ளான் திரும்பிப் பதினாறாம் நாள்தான் கணக்கில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு காலையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியைத் திறந்து பார்த்தார். மகளிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.