இறங்கித் தள்ளும் தெரு

அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஆவூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வண்டி எடுத்தேன். எரநூறு கிலோமீட்டருக்கு மேல்.

அப்பா சைக்கிள் வாங்கிய காலத்தில், பக்கத்து ஊர்த்தெரு ஒன்று வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றியது. அதில் எங்கம்மாவும் ஒருத்தி. அந்தத் தெருவில் அம்மாவும் இறங்கினாள். எழுத்தும் சைக்கிளும் வந்தது, தெரு வரவில்லை.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காக என்பது புகார். அதைப் படித்த பிறகுதான் அப்பாவை ஏற்றிக்கொண்டு தூரமாய்ப் போகணும்னு தோன்றியது.

தேவகோட்டை தாண்டினால் சீமைக்கருவேலங்காடு, வறண்ட கண்மாய்கள். பாம்பன் பாலத்தில் ஆடிக்காத்து வண்டியை ஒருபக்கமாய்த் தள்ளியது. அரிச்சல்முனை ரோட்டில் ரெண்டு பக்கமும் கடல். 1964 டிசம்பர் புயல் தின்றது போக மிஞ்சிய தேவாலயச் சுவர்கள். "இறங்கிருவமாப்பா?" என்றேன். "காத்துதானே, போடா" என்றார்.

திரும்பி வரும்போது ராத்திரி. அந்தத் தெரு முனையில் என் தோளை அழுத்தினார். "நிறுத்துடா." நான் நிறுத்தவில்லை. தெருவைக் கடந்ததும் சொன்னார்: "நீ நாளைக்கு டவுனுக்குப் போயிருவ. நாந்தான்டா இங்க வேலைக்கு வரணும்."

தோழர்களே, எனக்கு இதுக்கு இன்னும் பதில் தெரியவில்லை.