சில்லுகளின் மேல் ஓர் இல்லம்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வளை என்று சொல்லும்போதே, அது மண்ணில் ஊன்றி நிற்பது, நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருப்பது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, தம் வளையைச் சில்லுகளின் மேல் ஏற்றிக்கொண்டு, வேலை கிடைக்கும் பருவத்தைத் தேடி ஓட்டிச் செல்லும் மக்கள் பலர் உளர். அவர்களுள் இளைஞர் மட்டுமன்றி, பேரப்பிள்ளைகளைக் கண்ட முதியோரும் அநேகர். வாசகர்களே, அவர்களுடைய வழித்தடத்தில் நாமும் ஓராண்டு சுற்றி வருவோம், வாருங்கள்.

முதலில் அவ்வீட்டைப் பார்ப்போம். வீட்டு வண்டி பல வகைப்படும். பேருந்து போலத் தானே ஓடுவது ஒன்று. மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுக்கப்படுவது மற்றொன்று. கையில் பணம் சுருங்கியவர்கள் சாமான் ஏற்றும் வான் ஒன்றை வாங்கி, அதனுள்ளே பலகைக் கட்டில் அடித்துக்கொள்வர். ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, கூரைமீது வெயிலில் மின்சாரம் பிறப்பிக்கும் தகடு ஆகியவையே குடித்தனத்தின் சொத்து. பொழுதுபோக்குக்காக இவ்வாறு உலாவும் செல்வர்களும் அந்நாட்டில் உண்டு. நாம் காணப்போவது இவ்வண்டியையன்றி வேறு வீடு இல்லாதவர்களை.

அவர்கள் இவ்வாறு புறப்படக் காரணம் என்ன? 2008ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டு வீட்டுக் கடன் முறை சரிந்து விழுந்தது. பலருடைய வீட்டின் விலை, அதன்மேல் இருந்த கடனிலும் கீழாக இறங்கிற்று. முதுமைக்கென வைத்திருந்த சேமிப்புக் கரைந்தது. முதியோருக்கு அரசாங்கம் மாதந்தோறும் வழங்கும் சமூகப் பாதுகாப்புப் பணமோ, அவரவர் முன்னாளில் உழைத்த சம்பளத்தைப் பொறுத்தது. ஆகவே குறைந்த கூலி பெற்றவர்களுக்கும், பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்டு நின்ற தாய்மாருக்கும் அது சிறு தொகையே. வாடகை கொடுத்தால் மருந்துக்கு இல்லை, மருந்து வாங்கினால் வாடகைக்கு இல்லை என்ற நிலையிலே, வாடகையைத் துறந்தவர்கள் பலர்.

நெவாடா மாநிலத்துப் பாலைநிலத்தில் எம்பயர் என்று ஒரு சிற்றூர். பேரரசு என்று பொருள்படும் அப்பெயரைத் தாங்கிய ஊர், ஜிப்சம் ஆலை ஒன்றை நம்பி வாழ்ந்தது. ஆலையும் வீடுகளும் கம்பெனிக்கே உரியவை. 2011 ஜனவரி 31ஆம் திகதி ஆலை மூடப்பட்டது. சில மாதங்களில் ஊர் வெறுமையாயிற்று. 89405 என்ற அதன் தபாற் குறியீடுகூட நீக்கப்பட்டது. வேலை போனதும் வீடும் போவது எவ்வாறு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை. அதற்குத் தெற்கே ஏறக்குறைய 70 மைல் தூரத்திலுள்ள பேர்ன்லி நகரிலோ, அந்நாட்களில் அமேசன் கம்பெனியின் பெரும் பண்டகசாலை ஒன்று இயங்கியது. பனிக்காலம் நெருங்க, அங்கே வீட்டு வண்டிகள் வந்து சேர்ந்தன.

இனி ஆண்டின் சுற்றைத் தொடங்குவோம். ஒக்டோபர் மாதம் பிறந்ததும் சிலர் வடக்கே, வட டக்கோட்டாவும் மினசோட்டாவும் சந்திக்கும் செந்நதிப் பள்ளத்தாக்கிற்குச் செல்வர். அங்கே சீனிக்கிழங்கு அறுவடை நடைபெறும். இரவும் பகலும் பாரவண்டிகள் கிழங்கைக் கொணர்ந்து கொட்ட, யந்திரங்கள் அதனை மலைபோலக் குவிக்கும். வண்டிகளுக்கு வழிகாட்டுவதும், மாதிரிக் கிழங்குகளைப் பையில் எடுப்பதும், யந்திரத்தின் கீழே சிதறிய சேற்றை வாருவதும் இவர்கள் வேலை. ஒரு முறைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கவேண்டும். வெயில் ஏறினால் குவியல் அழுகும் என்பதற்காகவும், உறைபனி விழுந்தால் கிழங்கு கெடும் என்பதற்காகவும் வேலை நிறுத்தப்படும். இரண்டு மூன்று கிழமைகளிலே அது முடிந்துவிடும். வண்டி மீண்டும் புறப்படும்.

அடுத்தது பண்டகசாலை. நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய மாதங்களிலே பரிசுப் பொருள்களுக்கான கட்டளைகள் வெள்ளமெனக் குவியும். அதனைச் சமாளிக்க அமேசன் கம்பெனி 2008இல் கன்சாஸ் மாநிலத்துக் கொபிவில் நகரில், வீட்டு வண்டியில் வாழ்வோரைப் பருவ வேலைக்கு அமர்த்திப் பார்த்தது. இதுவே பின்னர் 'காம்பர்போர்ஸ்' என்னும் திட்டமாக வளர்ந்து வேறு ஊர்களுக்கும் பரவியது. கென்ரக்கி மாநிலத்துக் காம்பெல்ஸ்வில் அவற்றுள் ஒன்று. உள்ளாடை தைக்கும் பெரிய ஆலை 1998இல் அங்கே மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அமேசன் வந்தது. வேலை இழந்த ஊருக்கு, வேலை இழந்த மக்கள் வண்டியோடு வந்தனர்.

கூலி மணிக்கணக்கில், வண்டி நிறுத்தும் இடத்தின் வாடகையைக் கம்பெனி கொடுத்தது. பருவம் முடியும்வரை நின்றவர்களுக்கு ஊக்கப் பணமும் உண்டு. வேலையோ பத்து மணி நேரம். கையிலுள்ள சிறு கருவி காட்டும் தட்டை நோக்கி நடக்கவேண்டும். குனிந்தும் நிமிர்ந்தும் பொருளை எடுக்கவேண்டும். கருவி அடுத்த தட்டைக் காட்டும். சீமெந்துத் தரையில் ஒரு நாளிலே 15 மைல் வரை நடந்தவர்கள் உண்டு. வலி நீக்கும் மாத்திரைகள் அங்கே இலவசமாகக் கிடைத்தன என்பதிலிருந்தே வேலையின் கடுமையை உணரலாம். கம்பெனிக்கு இவர்கள் மிக வாய்ப்பானவர்கள். வேண்டிய காலத்தில் தம் வீட்டோடு வருவர். வேண்டாத காலத்தில் தம் வீட்டோடு போய்விடுவர். குடியிருப்புக் கட்டவேண்டிய கவலை இல்லை. எஞ்சிய மாதங்களில் அவர்கள் எப்படி உண்கிறார்கள் என்பது கம்பெனியின் கணக்கில் வரவில்லை. இத்திட்டம் இன்று இல்லை. கம்பெனி அதனைக் கைவிட்டுவிட்டது. அதனை நம்பித் தம் ஆண்டை வகுத்தவர்கள் வேறு வழி தேடவேண்டியதாயிற்று.

டிசெம்பர் இறுதியில் வண்டிகள் தென்மேற்கே திரும்பும். அரிசோனா மாநிலத்தின் மேற்கெல்லையை அடுத்துக் குவார்ட்சைட் என்னும் ஊர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே நிலையாக வாழ்வோர் ஏறக்குறைய 2,400 பேரே. ஆனால் ஜனவரியில் அவ்வூரைச் சுற்றியுள்ள பாலைவெளி எங்கும் வெண்ணிறக் கூரைகள் மின்னும். அது அரசாங்க நிலம். செப்ரெம்பர் 15 முதல் ஏப்ரில் 15 வரை, கட்டணம் செலுத்தி நெடுநாள் தங்குவதற்கெனப் பகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. மணிக்கற்களும் பழம்பொருள்களும் விற்கும் சந்தைகள் கூடும்; மாலையில் அடுப்பு நெருப்பைச் சுற்றி நாற்காலிகள் கூடும்.

அவ்வூர் இடுகாட்டிலே சிறு கூம்புக் கோபுரம் ஒன்று உண்டு. அதன் உச்சியில் ஓர் ஒட்டக உருவம். அமெரிக்கப் படையினர் பாலைநிலத்தில் ஒட்டகங்களைப் பயன்படுத்திப் பார்க்க எண்ணியபோது, 1856இல் துருக்கியப் பேரரசிலிருந்து அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் நினைவுச் சின்னம் அது. அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒட்டகங்கள் சிதறின, ஒட்டகக்காரர் மட்டும் அம்மண்ணிலேயே தங்கி 1902இல் இறந்தார். ஒரு பருவத்து வேலைக்கென அழைக்கப்பட்டு, வேலை நின்றபின் பாலையில் விடப்பட்டவர்கள் அவ்வூருக்குப் புதியவர்கள் அல்லர்.

இங்கேதான் இம்மக்கள் ஒருவருக்கொருவர் அயலவர் ஆகின்றனர். 1995இல் மணவாழ்க்கை முறிந்தபின் அலாஸ்காவில் ஒரு பழைய வண்டியினுள் குடியேறிய பொப் வெல்ஸ் என்பவர், இப்பாலைவெளியில் ஆண்டுதோறும் கூட்டங்களைக் கூட்டினார். குறைந்த செலவில் சமைப்பது எப்படி, வண்டியைப் பழுது பார்ப்பது எப்படி, தனியே வாழும் பெண் தன்னைக் காத்துக்கொள்வது எப்படி என்பனவே அங்குப் பாடங்கள். ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் தாமும் ஒரு வானில் வசித்து, இம்மக்களைப் பற்றி எழுதிய 'நோமாட்லாண்ட்' என்ற நூல் 2017இல் வெளிவந்தது. அதனைத் தழுவிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. உண்மையாகவே வண்டியில் வாழ்ந்த சிலர் அதில் தாமாகவே நடித்தனர்.

கோடை வந்ததும் மலைக்காடுகளிலுள்ள சுற்றுலா முகாம்களைக் காக்கும் வேலை கிடைக்கும். விறகு விற்பதும், கழிப்பிடம் கழுவுவதும், நள்ளிரவில் கூச்சலிடுவோரை அடக்குவதும் அதில் அடங்கும். பின்னர் மீண்டும் ஒக்டோபர்.

வீடு மண்ணை விட்டுக் கிளம்பினாலும், சட்டம் மண்ணை விடுவதில்லை. சாரதி அனுமதிப் பத்திரத்துக்கும் வங்கிக்கும் ஒரு விலாசம் வேண்டும். தென் டக்கோட்டா மாநிலத்திலே ஓர் இரவு தங்கிய பற்றுச்சீட்டைக் காட்டி, கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையமொன்றின் விலாசத்தோடு பலர் அனுமதிப் பத்திரம் பெற்றனர். ஆனால் 2023இல் அம்மாநிலம், வாக்காளராகப் பதிய 30 நாள் வதிவு வேண்டும் எனச் சட்டம் செய்தது. வரி கட்டும் மனிதர், வாக்களிக்கும் உரிமைக்காக ஓரிடத்தில் நிற்கவேண்டியவரானார்.

வண்டி ஓட்டும் கையும் ஒருநாள் தளரும். டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்ரன் நகரிலே, வீட்டு வண்டியோர் சங்கமொன்றைச் சார்ந்த பராமரிப்பு நிலையம் இருக்கிறது. நோயாலோ முதுமையாலோ பயணம் செய்ய இயலாதவர்கள் தம் வண்டியை அங்கே நிறுத்தி, அதனுள்ளேயே வசிக்கலாம். உணவும் பகல் நேரக் கவனிப்பும் கிடைக்கும். வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் ஆள் உண்டு. வேலை கொடுத்தவர்கள் நினையாத ஒன்றை, வண்டியில் வாழ்ந்தவர்கள் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டனர்.

இவர்களுட் பலர் தம்மை ஏழைகள் என்று சொல்லிக்கொள்வதில்லை. கடனற்ற வாழ்வும், விடியும்போது மலையைக் காணும் பேறும் தமக்கு உண்டு என்பர். அம்மனத்திண்மையை நாம் மெச்சவேண்டும். ஆயினும், எழுபது வயதில் ஒருவர் விரும்பி உழைப்பது வேறு. உழைத்தாலன்றி அன்றைய உணவில்லை என்பது வேறு. செல்வம் கொழிக்கும் அந்நாடு இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, பண்டிகைப் பரிசுகளை உரிய நாளில் பெற்று மகிழ்ந்தது. நம் வாசலுக்கு வந்துசேரும் பொதி ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நடந்து சென்று எடுத்திருக்கிறார். அவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்று கேட்பது, பொதியைப் பெறுபவருக்கும் உரிய கடமையாகும்.